பழைய காருக்கு மீட்டர் வாங்கப் போகும் தம்பிக்கு

தம்பி, வாரம் முழுக்க மின்சார ஸ்கூட்டர் லைனில் நிற்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அறுபதுகளின் அம்பாசடர் ஒன்றின் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கையெல்லாம் கரியோடு நிற்கிறாய். ஓசூரில் இப்போது உன்னைப் போலப் பலர். ஒருவரிடம் பத்மினி, ஒருவரிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சூளகிரிப் பக்கம் ஒருவரிடம் மகேந்திரா ஜீப். எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “சார், டேஷ்போர்டுக்கு எந்தக் கம்பெனி மீட்டர் வாங்கலாம்?” கம்பெனிப் பெயர் கடைசியாகக் கேட்க வேண்டியது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை படி.

1. வாங்குவதற்கு முன், இருப்பது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார். பழைய வண்டியில் “மீட்டர் போச்சு” என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மீட்டர் போனதல்ல. எர்த் போனது, வயர் போனது, டேங்க் யூனிட் போனது. பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் பெரும்பாலும் இரட்டை உலோகப் பட்டையால் வேலை செய்பவை. அவற்றுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுதான் ஸ்டெபிலைசர். பேட்டரி 12 வோல்டுக்கும் 14 வோல்டுக்கும் இடையில் ஆடினாலும், மீட்டருக்குச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி அது பார்த்துக்கொள்ளும். இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் மிகையாகக் காட்டினால் மீட்டரைக் குறை சொல்லாதே. அந்தப் பெட்டியின் உடம்பு எர்த் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார். துரு சுரண்டி, ஸ்குரூவை இறுக்கியதோடு முடிந்துபோன வேலைகள் எத்தனையோ.

பெட்ரோல் முள் மட்டும் படுத்துக் கிடந்தால், டேங்க் யூனிட்டுக்குப் போகும் வயரைக் கழற்றி, 30 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த் கொடுத்து, சாவியைப் போட்டுப் பார். முள் மெதுவாக ஏறி நிறைந்த டேங்கைக் காட்டினால் மீட்டர் நலம், கோளாறு டேங்கில். இதை டேங்க் வாய் மூடியிருக்கும்போது, டேங்கிலிருந்து தள்ளி நின்று செய். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

2. ரிப்பேர் செய்யும் கை இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. கேபிளில் ஓடும் ஸ்பீடோ மீட்டரைத் திறந்து பார்த்தால் ஒரு காந்தம், அதைத் தொடாமல் கவிழ்ந்திருக்கும் ஒரு அலுமினியக் கிண்ணம், அதன் தண்டில் ஒரு ஹேர்ஸ்பிரிங். அவ்வளவுதான். ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்ஸ் 1902இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. நூறு வருடம் தாண்டியும் அடிப்படை மாறவில்லை. ஹேர்ஸ்பிரிங் என்றாலே கடிகாரக்காரன் வேலை. நம் அம்பாசடரின் டயலில் பெயர் பார்க்கும் ஸ்மித்ஸ் கம்பெனியே லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கியதுதான். நம் பக்கமோ, பெங்களூரில் எச்.எம்.டி. 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. எண்பதுகளின் பின்பாதியில் ஓசூரில் டைட்டன் வந்தது. அந்த இரண்டு இடத்திலும் லூப்பைக் கண்ணில் வைத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஓசூரிலும் ஆனேக்கல்லிலும் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். விசாரி. புது மீட்டர் விலைக்குப் பாதியில் பழையது உயிர் பெறும்; அதன் மதிப்பும் குறையாது.

ஒன்று மட்டும் நீயாகச் செய்யாதே: முள் ஆடுகிறது என்று மீட்டருக்குள் எண்ணெய் விடாதே. காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் எண்ணெய் புகுந்தால் கிண்ணம் இழுபட்டு, 40இல் போகும்போது முள் 90 காட்டும். கேபிளுக்கும் கிரீஸ் மெல்லியதாகப் போதும். மீட்டர் பக்கத்து நுனியில் ஒரு சாண் நீளத்தை உலர்ந்தபடி விடு.

3. சரி, வாங்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அப்படியானால் மீட்டரை வாங்காதே, ஜோடியை வாங்கு. டேஷ்போர்டில் இருப்பது முள். டேங்கிலோ எஞ்சினிலோ இருப்பது சென்சார். இரண்டும் ஒரே ஓம் கணக்கில் பேச வேண்டும். உயரம் ஒவ்வாத இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டிய வண்டி மாதிரிதான், ஓம் ஒவ்வாத ஜோடி. மார்க்கெட்டில் கிடைக்கும் பெட்ரோல் மீட்டர்களின் கணக்கைச் சொல்கிறேன், குறித்துக்கொள்.

பழைய ஸ்மித்ஸ் வகைக்கு டேங்க் காலியானால் ஏறக்குறைய 240 ஓம், நிறைந்தால் 20 முதல் 30 ஓம். இன்று ‘யூனிவர்சல்’ என்று விற்கப்படும் மீட்டர்களில் பல 240க்கும் 33க்கும் இடையில் ஓடுபவை. ஸ்மித்ஸ் டேங்க் யூனிட்டோடு அவை ஓரளவு ஒத்துப்போகும். ஜெர்மனியின் வி.டி.ஓ. வகை தலைகீழ்: காலிக்கு 10, நிறைவுக்கு 180. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வகை காலிக்கு 0, நிறைவுக்கு 90. பழைய ஃபோர்டு வகை காலிக்கு 73, நிறைவுக்கு 10ஐ ஒட்டி. இப்போது ஸ்மித்ஸ் டேங்க் யூனிட்டோடு வி.டி.ஓ. மீட்டரை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். காலி டேங்கை நிறைவு என்று காட்டும். நீ நம்பிக் கிளம்பி, சூளகிரி தாண்டியதும் வண்டி நிற்கும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு சாதாரண மல்டிமீட்டர் எடுத்துக்கொள். டேங்க் யூனிட்டைக் கழற்றி, மிதவையைக் கீழே தாழ்த்தி ஓம் பார், மேலே தூக்கி ஓம் பார், நடுவில் நிறுத்தியும் பார். மூன்று எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வை. கடைக்காரர் “எல்லா வண்டிக்கும் செட் ஆகும்” என்பார். அந்தச் சீட்டை நீட்டி, டப்பாவில் ஓம் போட்டிருக்கிறதா என்று கேள். போட்டிருக்கவில்லை என்றால் எவ்வளவு அழகான டயலாக இருந்தாலும் வைத்துவிட்டு வா.

டேங்க் யூனிட்டையே புதிதாகப் போடுவதென்றால் மிதவையைக் கவனி. வார்னிஷ் பூசிய தக்கை மிதவைக் காலம் முடிந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்த வார்னிஷை அது கரைத்துவிடும். பித்தளை மிதவையோ, எத்தனால் தாங்கும் பிளாஸ்டிக் மிதவையோ கேட்டு வாங்கு.

ஸ்டெபிலைசரின் 10 வோல்ட் புது மீட்டருக்குச் சேராது. புதியவை பெரும்பாலும் நேராக 12 வோல்ட் கேட்கும். இதை மறந்துவிட்டு, “புது மீட்டர் எப்போதும் குறைவாகவே காட்டுது” என்று வருவோர் அதிகம்.

4. உன் வண்டியில் எந்த எர்த்? பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். அறுபதுகளின் நடுப்பகுதி வரை அங்கே அதுதான் வழக்கம். பழைய பட்டை வகை மீட்டருக்கு மின்சாரம் எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றே. உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு இருக்கும் புது மீட்டருக்கு அப்படியல்ல; தலைகீழாகக் கொடுத்தால் ஒரு நொடியில் புகைந்துவிடும். எல்.இ.டி. பல்பும் எரியாது. பானெட்டைத் திறந்து, பேட்டரியின் எந்த முனையிலிருந்து வயர் பாடிக்குப் போகிறது என்று உன் கண்ணால் பார். யார் யார் கையிலோ மாறி வந்த வண்டி. புத்தகத்தில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் வேறாக இருக்கலாம்.

5. எதையெல்லாம் வாங்குவது? ஆறு மீட்டர் வரிசையாக மாட்டி விமானம் போல ஆக்க ஆசைப்படாதே. எஞ்சினைக் கொல்வது மூன்று: ஆயில் இல்லாமை, சூடு, சார்ஜ் இல்லாமை. இந்த மூன்றுக்கும் மூன்று மீட்டர். ஆரம்பகால ஹெரால்டில் ஸ்பீடோ என்று ஒரே பெரிய டயல், பெட்ரோல் முள்ளும் அதற்குள்ளேயே. அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த மூன்றும் சேர்ப்பது அறிவு. மற்றதெல்லாம் ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை, காசு உன்னுடையது.

6. ஆயில் பிரஷருக்கு நான் மெக்கானிக்கல் மீட்டர் பக்கம். வளைந்த பித்தளைக் குழாய்க்குள் ஆயில் அழுத்தம் போகும்போது அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவே முள். பிரான்ஸின் பூர்தோன் 1849இல் கண்டது. மின்சாரம் வேண்டாம், ஓம் வேண்டாம், பொய் சொல்லக் காரணமே இல்லை. குறை ஒன்றுதான்: சூடான ஆயில் உன் முழங்கால் வரை ஒரு குழாயில் வருகிறது. செட்டோடு கொடுக்கும் மெல்லிய நைலான் குழாயைத் தூக்கி எறி. சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் போனால் உருகிவிடும். செம்புக் குழாய் போட்டால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இரண்டு சுற்று சுருளாக விடு. எஞ்சின் ஆட்டத்தில் செம்பு இறுகி ஒடியும். இன்னும் நல்லது, எஞ்சின் பக்கத்துக்கு மட்டும் கம்பி பின்னிய ஹோஸ். சிப்காட்டைச் சுற்றி ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்யும் கடைக்குப் பஞ்சமா? அளவு சொன்னால் நீ டீ குடித்து முடிப்பதற்குள் செய்து கொடுப்பார்கள்.

பழைய சிவப்பு எச்சரிக்கை விளக்கை எடுத்துவிடாதே. ‘டீ’ யூனியன் போட்டு இரண்டையும் வை. எதிரே லாரி வரும்போது யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை; விளக்கு கண்ணில் அடிக்கும். அந்த ‘டீ’யை எஞ்சின் பிளாக்கில் நேராகத் தொங்கவிட்டால் அதிர்வில் கழுத்து விரிசல் விடும். ஹோஸ் வழியாகப் பாடியில் ஒரு பிராக்கெட்டுக்குக் கொண்டுவந்து அங்கே மாட்டு.

அளவு 0 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை இருந்தால் போதும். கிலோவில் குறித்த டயல் என்றால் 1 கிலோ ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆயிரம் சுற்றுக்குப் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய பட்டறைக் கணக்கு. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் காட்டும் எண்ணைப் பார்த்துப் பெருமைப்படாதே. குளிர்ந்த ஆயில் எல்லா எஞ்சினையும் இளமையாகக் காட்டும்.

7. ஹீட் மீட்டரில்தான் நம் ஊரின் விசேஷம் இருக்கிறது. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவில். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். நடுவில் 50 கிலோமீட்டர்தான். அதாவது தேசிய நெடுஞ்சாலை 44இல் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பும் உன் கார், வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மலை ஏறிக்கொண்டே வருகிறது. கண்ணுக்கு அது மேடாகத் தெரியாது. ரேடியேட்டருக்குத் தெரியும். மே மாதப் பகலில் பழைய கார்கள் இந்தப் பாதையில் ஓரங்கட்டி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று: உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஓசூரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 7 பவுண்டு அழுத்தம் தாங்கினால் அது 109 டிகிரி வரை தள்ளிப்போகும். மூடியின் ரப்பர் போயிருந்தால் மறுபடி அதே 97தான். ஆகவே ஹீட் மீட்டர் வாங்கும் அன்றே புது மூடியும் வாங்கு. மீட்டர் 200 ரூபாய் கூடுதலா குறைவா என்று பேரம் பேசிவிட்டுப் பழைய மூடியோடு ஓட்டுவதில் அர்த்தமில்லை.

புது மீட்டரை மாட்டும் முன் அடுப்படியிலேயே சோதிக்கலாம். சென்சாரின் நுனியைக் கொதிக்கும் நீரில் பிடி. நல்ல மீட்டர் ஓசூரில் 97ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். சரியாக 100 காட்டினால் மகிழாதே. அது 3 டிகிரி அதிகம் காட்டுகிறது. சென்னையில் செய்திருந்தால் அதுவே தேர்ச்சி. மின்சார சென்சார் என்றால், வண்டிப் பேட்டரியிலிருந்து மீட்டருக்கு 12 வோல்ட் கொடுத்து, சென்சார் உடம்புக்கும் ஒரு வயரில் எர்த் கொடுத்தால்தான் இந்தச் சோதனை நடக்கும்.

வயர் இல்லாமல் மெல்லிய செம்புக் குழாயோடு வரும் வகையும் உண்டு. நுனிக் குமிழிலிருந்து மீட்டர் வரை உள்ளே ஆவியாகும் திரவம் அடைத்திருக்கும். அந்தக் குழாய் நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிட்டால் மீட்டர் அன்றோடு சரி. மிச்சத்தைச் சுருட்டிக் கட்டு. எஞ்சின் அறைத் தகரத்தைத் தாண்டும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட் முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாதே. சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம். ஆவியில் நிற்கும் சென்சார் குறைவாகத்தான் காட்டும். உடனே நிறுத்து. மூடியை மட்டும் அப்போது திறந்துவிடாதே.

8. ஆம்பியர் மீட்டரா, வோல்ட் மீட்டரா? வோல்ட். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. ஆம்பியர் மீட்டர் என்பது பேட்டரிக்குப் போய்வரும் கரண்ட் முழுவதையும் டேஷ்போர்டு வழியாகச் சுற்றிவிடுவது. லூக்காஸ் வகை டைனமோ தருவது 20 ஆம்பியர் அளவுதான், அதற்கு 30 ஆம்பியர் மீட்டர் தாங்கியது. இப்போது எல்லோரும் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போடுகிறீர்கள்; அது தாராளமாக 35, 45 ஆம்பியர் தரும். அதைப் பழைய மீட்டருக்கும் பழைய வயருக்கும் தள்ளினால், முதலில் மீட்டரின் பின்பக்க நட்டு சூடாகும், பிறகு வயர் உறை உருகும், அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்க நீ வண்டிக்குள் இருக்கக் கூடாது.

வோல்ட் மீட்டருக்கு மெல்லிய வயர், 3 ஆம்பியர் ஃபியூஸ், சாவிக்குப் பின் வரும் லைன் போதும். எஞ்சின் ஓடாதபோது 12.5 வாக்கில், ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்க வேண்டும். 15ஐத் தொட்டால் ரெகுலேட்டரைப் பார், பேட்டரித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். டைனமோ வண்டி சிக்னலில் நிற்கும்போது முள் இறங்கினால் பயப்படாதே, டைனமோவின் குணம் அது. மூலவடிவம் கெடாமல் ஆம்பியர் மீட்டர் வேண்டும் என்பவர்கள் அதை டைனமோவோடு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

9. ஸ்பீடோ மீட்டரை டயல் அழகு பார்த்து வாங்கினால் கணக்கு தவறும். ஒவ்வொரு மெக்கானிக்கல் ஸ்பீடோவும் கேபிள் ஒரு மைலுக்கோ கிலோமீட்டருக்கோ எத்தனை சுற்று சுற்றும் என்று எதிர்பார்த்தே செய்யப்படுகிறது. பழைய டயல்களில் அடியில் பொடி எழுத்தில் 1000, 1408 என்று ஓர் எண் இருக்கும். அது மைலுக்கான சுற்று. உன் வண்டி எத்தனை சுற்று தருகிறது என்பதை நீயே எண்ணிவிடலாம். மீட்டரிலிருந்து கேபிளைக் கழற்று. உள் கம்பியின் நுனியில் ஒரு காகிதக் கொடி ஒட்டு. சமதளத்தில் சாக்பீஸால் 10 மீட்டர் குறி. ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றாதே, கணக்கு பாதியாகும். நண்பர்களைக் கூப்பிட்டு வண்டியையே தள்ளு. கொடி சுற்றியதை முழுச் சுற்றும் பின்னமுமாக எண்ணி 100ஆல் பெருக்கு. வருவது கிலோமீட்டருக்கான சுற்று.

6.4 சுற்று வந்தது என்று வை, கிலோமீட்டருக்கு 640. மைலுக்கு 1000 என்ற மீட்டர் கிலோமீட்டருக்கு 621 ஆகும். மூன்று சதவீதம் கூடுதலாகக் காட்டும், ஓட்டலாம். மைலுக்கு 1408 என்ற மீட்டர் கிலோமீட்டருக்கு 875. நீ 60இல் போகும்போது 44 காட்டும். அபராதச் சீட்டு வீடு தேடி வரும். ஆசைப்பட்ட டயல்தான் வேண்டும் என்றால் நடுவில் போடும் சின்னக் கியர் பெட்டி கிடைக்கிறது. விகிதம் சொல்லி வாங்க வேண்டும்.

டயரை மாற்றியிருக்கிறாயா என்பதையும் சேர்த்துக்கொள். அம்பாசடருக்கு 5.90-15 நைலான் டயர் போய், உயரம் குறைந்த ரேடியல் வந்தால் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். முள்ளும் கூடுதலாகக் காட்டும். மாட்டி முடித்ததும் நெடுஞ்சாலையில் 60இல் நிலையாக ஓட்டி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 நொடி ஆகிறதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல். நீ சாலையைப் பார்.

பழைய மீட்டரைக் கழற்றும் நாளில் அது காட்டிய கிலோமீட்டரைத் தேதியோடு எழுதி, புது மீட்டருக்குப் பின்னால் ஒட்டிவை. நாளை வண்டியை விற்கும்போது வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு அது. ஸ்பீடோ இல்லாமல் ஓட்டலாமே என்ற யோசனையும் வேண்டாம். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் அது வேலை செய்ய வேண்டும் என்கின்றன.

10. ஆர்.பி.எம். மீட்டர் ஆசை என்றால், நான்கு சிலிண்டருக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார். பழைய ஸ்மித்ஸ் வகையில் சில, காயிலுக்குப் போகும் கரண்டையே தன் வழியாக இழுத்து எண்ணுபவை. எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டவுடன் அவை உளறும். டீசல் அம்பாசடருக்குக் காயிலே கிடையாது. ஆல்டர்னேட்டரிலிருந்து துடிப்பு எடுக்கும் வகை வேண்டும்.

வாக்குவம் மீட்டர் மாட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்வது கடலோரக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும். ஓசூர் 3000 அடி. 15 காட்டுகிறதே என்று கார்பரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காராதே.

11. மரை. தேய்ந்துபோன பேச்சுதான், ஆனால் பிளாக் உடைந்து பார்த்தவர்களுக்கு அருமை தெரியும். சென்சார் செட்டில் வரும் 1/8 என்.பி.டி. மரைக்கு அங்குலத்துக்கு 27 பல், 60 டிகிரி கோணம். பிரிட்டிஷ் 1/8 பி.எஸ்.பி. மரைக்கு 28 பல், 55 டிகிரி. இரண்டும் கையால் இரண்டு சுற்று இனிமையாக ஏறும். மூன்றாவது சுற்றுக்கு ஸ்பானர் எடுத்தால் வார்ப்பிரும்பு விரிசல். மரை கேஜ் வைத்துப் பார். ஒவ்வாவிட்டால் நம் ஊர் லேத் பட்டறையில் பித்தளையில் ஓர் அடாப்டர் கடைந்து வாங்கு. இந்த வசதி எல்லா ஊர்க்காரர்களுக்கும் கிடைக்காது, பயன்படுத்து.

ஒற்றை வயர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. அதில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி எர்த்தைக் கெடுக்காதே.

12. மூல டேஷ்போர்டில் துளை போடாதே. 52 மில்லிமீட்டர் ஹோல் சா கையில் இருக்கிறது என்பதற்காக, அறுபது வருடம் தாங்கிய தகரத்தை வெட்டலாமா? அடியில் தொங்கும் தனி பேனல் செய். 1.6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, முதலில் அட்டையில் வெட்டிப் பார், முழங்கால் இடிக்கிறதா, ஸ்டியரிங் வளையம் மறைக்கிறதா என்று உட்கார்ந்து பார், பிறகு லேசர் கட்டிங் கடைக்குப் போ. இருக்கும் ஸ்குரூத் துளைகளிலேயே மாட்டு. பிடிக்காவிட்டால் நாளை கழற்றிவிடலாம்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, மூலவடிவம் கெடாத வண்டிகளை ‘வி.ஏ.’ வரிசையில் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்பதே விதியின் அழுத்தம். மீட்டர் மாற்றியதற்காக யாரும் உன்னைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பழைய மீட்டர், முள், வளையம் எதையும் எறியாமல் துணியில் சுற்றி வைத்திரு. மூலவடிவம் எப்படி இருந்தது என்பதைப் பார்க்க, கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய்வா. டயல்களுக்கு முன்னால் நின்று பார். எழுத்து எவ்வளவு அடக்கமாக இருக்கிறது, முள் எவ்வளவு மெல்லியது என்று.

13. விளக்கு மங்கலாக இருக்கட்டும். நீல எல்.இ.டி. வேண்டாம்.

14. எங்கே வாங்குவது? பெங்களூர் ஜே.சி. ரோடு 40 கிலோமீட்டர். புது யூனிவர்சல் செட், கேபிள், வயர், ஃபியூஸ் எல்லாம் அங்கே. பழைய மூல மீட்டர் வேட்டை என்றால் சென்னை புதுப்பேட்டை. பிரிட்டனில் ஸ்மித்ஸ் பெயரில் வேல்ஸிலுள்ள கேர்பான்ட் என்ற கம்பெனி இன்றும் செய்கிறது. தரம் நன்று, விலையும் சுங்கமும் சேர்ந்தால் பத்மினியின் பாதி விலை கேட்கும். டயலில் ‘ஸ்மித்ஸ்’ என்று அச்சடித்த நகல்களும் சுற்றுகின்றன. முகத்தைப் பார்க்காதே, திருப்பிப் பின்பக்கம் பார்: தகரத்தின் கனம், டெர்மினல் ஸ்குரூவின் உறுதி, பல்ப் ஹோல்டர் இறுக்கமா என்று. முள் கையசைப்புக்கு ஆடி நிற்க வேண்டும், சிக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போகாதே, பாதிக் கடை மூடியிருக்கும். கழற்றிய சென்சார், ஓம் எழுதிய சீட்டு, மரை கேஜ், கேபிள் நுனி — இந்த நான்கும் பையில் இருக்க வேண்டும். ஜே.சி. ரோட்டில் தமிழ், கன்னடம், இந்தி எதிலும் பேசலாம். “சீட்டில் இருக்கிற நம்பருக்கு வேணும்” என்று எந்த மொழியில் சொன்னாலும் கடைக்காரரின் பேச்சு மாறிவிடும். மீட்டரும் சென்சாரும் ஒரே பில்லில் இருக்கட்டும், திருப்பித் தருவதற்கு உதவும்.

15. எல்லாம் மாட்டியபின் முதல் ஓட்டம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு, விடியற்காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை. கிருஷ்ணகிரி டோல் தாண்டியதும், சூளகிரியிலும், ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்ததும் ஆயில், ஹீட், வோல்ட் மூன்றையும் பக்கத்து சீட்காரர் குறிக்கட்டும். ஹீட் 80க்கும் 90க்கும் இடையில் வந்தால் நன்று. ஏற்றத்தில் 95 வரை போய் இறங்கினால் பொறுத்துக்கொள். இறங்காமல் அங்கேயே நின்றால் ரேடியேட்டரை உள்ளே கழுவ ஆள் பார். ஹெட்லைட் போட்ட பிறகு வோல்ட் 13க்குக் கீழே போகிறதா என்று தனியாகக் குறி. போனால், மீட்டர் கடைக்கு அல்ல, ஆல்டர்னேட்டர் பெல்ட் கடைக்குப் போ. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தால் மிச்சத்தை உட்கார்ந்து பேசலாம். மாலை ஐந்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.